வீட்டுத் தொலைபேசி ஒப்பந்தமும் மறுயோசனைக் காலமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், அனகாபுத்தூர், குன்றத்தூர் முதலிய ஊர்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்களின் வீடுகளுக்குத் தொலைபேசிக் கம்பெனிகளின் பிரதிநிதிகள் வருவது இப்பொழுது சகஜமாகிவிட்டது. ஒரே கண்ணாடி இழைக் கம்பியில் வீட்டுத் தொலைபேசியும் இன்டர்நெட்டும் சேர்ந்து வரும் என்றும், ஆறு மாதக் கட்டணத்தை முன்னதாகச் செலுத்தினால் இணைப்புச் செலவு இல்லை என்றும் அவர்கள் கூறுகிறார்கள். தொலைபேசி இன்று ஆடம்பரம் அன்று. நெய்த துணிக்கு ஆர்டர் பெறுவதற்கும், கோயம்பேட்டில் காய்கறி விலை விசாரிப்பதற்கும், பிள்ளைகளின் படிப்பிற்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் கையொப்பமிட்ட மறுநாள் எண்ணம் மாறினால், செலுத்திய பணம் திரும்ப வருமா? இக்கேள்விக்கு விடையை முன்னரே அறிந்துகொள்வது நன்று.

மறுயோசனைக் காலம் என்பது யாது?

ஒப்பந்தம் செய்த பின்னரும், காரணம் எதுவும் கூறாமல் அதனை ரத்து செய்வதற்குச் சட்டம் அளிக்கும் சில நாட்களையே மறுயோசனைக் காலம் என்கிறோம். வீடு தேடி வந்து விற்பவரின் பேச்சில் மயங்கி, குடும்பத்தாரைக் கலக்காமல் கையொப்பமிடுவோரைக் காப்பதே இதன் நோக்கம். பிரிட்டனில் 1964 ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம், கடைக்கு வெளியே கையொப்பமான தவணை ஒப்பந்தங்களுக்கு 4 நாள் அவகாசம் அளித்தது. அமெரிக்காவில் வீட்டு வாயிலில் நடைபெறும் விற்பனைக்கு 3 வேலை நாட்கள் தரும் விதி 1972 இல் வகுக்கப்பட்டது. பிரிட்டனில் 2014 ஜூன் முதல், வீட்டு வாயிலிலோ தொலைபேசி மூலமோ இன்டர்நெட் மூலமோ எடுத்த வீட்டுத் தொலைபேசி இணைப்பை 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். சந்தாதாரரே கேட்டு அதற்குள் சேவை தொடங்கியிருந்தால், உபயோகித்த நாட்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்த வேண்டும்.

நம் நாட்டு நிலைமை

இந்தியாவில் வீட்டுத் தொலைபேசிக்கு இத்தகைய பொதுவான உரிமை சட்டத்தில் இல்லை. ஆயுள் இன்சூரன்ஸ் எடுத்தவருக்கு உண்டு: 2024 ஆம் ஆண்டின் விதிகளின்படி, பாலிசிப் பத்திரம் கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் அதனைத் திருப்பிவிடலாம். அதையே தொலைபேசிக்கும் பொருந்தும் என்று எண்ணி ஏமாறலாகாது. "பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்தில் திருப்பிக்கொடுத்துவிடுங்கள்" என்று பிரதிநிதி வாயால் சொல்வது, படிவத்தில் எழுதப்படாவிட்டால், பின்னர் நிரூபிக்கக் கடினமானது.

எனினும் அங்கத்தினர் முற்றிலும் கைவிடப்பட்டவர் அல்லர். கீழ்க்கண்டவை அவருக்குத் துணையாக உள்ளன.

முதலாவது, 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வீட்டில் நாம் கையொப்பமிடும் விண்ணப்பம் பொதுவாக ஒரு கோரிக்கையே. கம்பெனி அதனை ஏற்றுத் தெரிவிக்கும் முன், கோரிக்கையைத் திரும்பப் பெறலாம் என்கிறது அச்சட்டத்தின் 5 ஆவது பிரிவு. ஆகவே மனம் மாறியவர் கம்பி இழுக்க ஆள் வரும்வரை காத்திராமல், அன்றே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, பொய்யான கூற்றால் பெற்ற சம்மதம். மாதக் கட்டணம் இவ்வளவுதான் என்று ஒன்றைச் சொல்லி, வேறொன்றில் கையொப்பம் வாங்கியிருந்தால், 19 ஆவது பிரிவின்படி ஏமாற்றப்பட்டவர் அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம்.

மூன்றாவது, 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை ஆகும். ரசீதில் காலம் குறிப்பிடப்பட்டிருந்தால் அக்காலத்திற்குள்ளும், இல்லாவிடில் 30 நாட்களுக்குள்ளும் பணம் திரும்ப வேண்டும். இது எண்ணம் மாறியதற்கான உரிமை அன்று. சேவையில் குறை இருந்தால் மட்டுமே உதவும்.

நான்காவது, டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு ஆறு மாதம் வரை அத்திட்டத்தின் கட்டணத்தை உயர்த்தக் கூடாது. ஆனால் சந்தாதாரர் அதற்குள்ளும் வேறு திட்டத்திற்கு மாறலாம். ஆறு மாதம் என்ற கட்டு கம்பெனிக்கே ஒழிய நமக்கு அன்று.

செய்ய வேண்டுவன

நூல் வாங்கும் நெசவாளர் சிட்டத்தின் எடையும் நம்பரும் பாராமல் பணம் கொடுப்பதில்லை. விதை வாங்கும் விவசாயி மூட்டையில் உள்ள சீட்டைப் படியாமல் வாங்குவதில்லை. தொலைபேசிப் படிவத்திற்கும் அதே நிதானம் வேண்டும்.

கையொப்பமிடுமுன், இணைப்பை ரத்து செய்தால் எவ்வளவு தொகை, எத்தனை நாளில் திரும்பும் என்பதைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் பிரதிநிதியை மறுநாள் வரச் சொல்லுங்கள். சட்டம் தராத மறுயோசனைக் காலத்தை இவ்வாறு நாமே முன்னதாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதப் பணத்தை ஒருசேரக் கட்டாமல், இயன்றவரை ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டுங்கள். படிவத்தின் நகலும் ரசீதும் இன்றிப் பிரதிநிதியை அனுப்பாதீர்கள்.

ரத்து செய்வதாயின், தேதியிட்டு எழுதி, ஒரு நகலில் ஒப்புகை பெறுங்கள். மோடத்தையும் தொலைபேசிக் கருவியையும் திருப்பித் தரும்போது அதற்கும் ரசீது வாங்குங்கள். கருவி திரும்பவில்லை என்று கூறி காப்புத் தொகையை நிறுத்திவைக்க இடம் கொடுக்கலாகாது.

முறையிடும் வழி

முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு திருப்தி தராவிடில் 30 நாட்களுக்குள் அக்கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஐயும் அழைக்கலாம்.

அதற்கு மேலும் ஒரு வாயில் உண்டு. தொலைபேசித் தகராறுகள் நுகர்வோர் மன்றத்திற்கு உரியன அல்ல என்று உச்சநீதிமன்றம் 2009 இல் கூறியதால் அவ்வாயில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தது. 2022 பிப்ரவரி 16 அன்று அதே நீதிமன்றம், தொலைத்தொடர்புச் சந்தாதாரரும் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டின் சட்டப்படி வழக்கை நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். தாம்பரம் வட்டாரத்தினர் செங்கற்பட்டு மாவட்ட ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் வழக்குக் கட்டணமும் இல்லை.

தனியொருவராக வாயிலில் நின்று கையொப்பமிடுவோரே எளிதில் ஏமாறுகின்றனர். படிவத்தைச் சங்க அலுவலகத்திற்குக் கொண்டுவந்து, படித்தவர் ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்து, பின்னர் முடிவு செய்யுங்கள். ஒரு நாள் தாமதத்தால் தொலைபேசி ஓடிவிடாது. ஆறு மாதக் கட்டணமோ பல நாள் நெசவின் கூலி.