பரிசோதனைச் சாலைக்கு இன்குபேட்டர் தெரிந்தெடுக்கும் விதம்

அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாள் வரையில் தன் முட்டைகளை ஏறக்குறைய 37.5 டிகிரி உஷ்ணத்தில் வைத்துக் காக்கின்றது. எகிப்து தேசத்தார் மிகப் பழங்காலத்திலேயே மண்ணாற் கட்டிய அடுப்பறைகளில் முட்டைகளைப் பரப்பிக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். அவர்கள் முட்டையைக் கண்ணிமையின்மேல் வைத்துப் பார்த்தே சூட்டின் அளவை அறிந்து கொண்டனர். ஒரே அளவான உஷ்ணத்தை இரவும் பகலும் மாறாமல் வைத்திருக்கும் இந்த வேலையை மின்சாரத்தின் உதவியால் செய்வதே இன்குபேட்டர் என்னும் பெட்டி. பரிசோதனைச் சாலையில் இதற்குள் முட்டைக்குப் பதிலாக விதைகளும், கிருமிகளும், தண்ணீர் மாதிரிகளும் வைக்கப்படுகின்றன. இங்கு கூறப்படும் டிகிரிகள் யாவும் சென்டிகிரேட் அளவாகும்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள பிரதேசத்திற்கு இத்தகைய வேலை புதிதன்று. கிண்டியிலுள்ள கிங் நோய்த் தடுப்பு நிலையம் 1905-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் க்ஷயரோகச் சிகிச்சைக்கென ஒரு சானடோரியம் நிறுவினார். 1937-ல் அரசாங்கத்தார் அதனை ஏற்றுக்கொண்டனர். க்ஷயரோகக் கிருமி மிகவும் மெதுவாக வளரும் தன்மையுடையது. அதனை வளர்த்துக் கண்டறிய 37 டிகிரியில் எட்டு வாரம் வரையில் காத்திருத்தல் வேண்டும். நடுவில் உஷ்ணம் வெகுவாகத் தவறினால் அத்தனை வாரத்துப் பாடும் வீணாகலாம்.

விவசாயிகளுக்கு இதனால் ஆவது என்ன?

மணிமங்கலம், சோமங்கலம், படப்பை முதலிய ஏரிப்பாசன ஊர்களின் மிராசுதாரர்களும், கிராம ஊராட்சியினரும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தாரும் சிறிய பரிசோதனைச் சாலை ஒன்றை அமைக்க விரும்பினால், அதில் நடக்கக்கூடிய முக்கியமான வேலைகள் நான்கு.

முதலாவது, விதையின் முளைப்புத் திறனை அறிதல். நெல்விதையை 25 டிகிரியிலோ, அல்லது 20-க்கும் 30-க்கும் மாற்றி மாற்றியோ வைத்து, 14-வது நாளில் இறுதிக் கணக்கு எடுக்க வேண்டும். சான்று பெற்ற நெல்விதைக்கு 80 சதவீதமும், நிலக்கடலைக்கு 70 சதவீதமும் குறைந்தபட்ச முளைப்பாக விதிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, ரைசோபியம், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் உயிர்களை வளர்த்தல். இவற்றிற்கு 28 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. மூன்றாவது, மடிநோய் கண்ட பசுவின் பாலைச் சோதித்து எம்மருந்து கேட்கும் என அறிதல். இது 37 டிகிரியில் நடப்பது. நான்காவது, குடிநீர்ச் சோதனை. இதற்கு ஒரு பகுதி வேலை 35 முதல் 37 டிகிரியிலும், மலக்கலப்பைக் காட்டும் கிருமியைக் காண்பது 44.5 டிகிரியிலும் நடைபெறும். இக்கடைசி வேலையில் 0.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரலாகாது. ஆதலால் அதற்குக் காற்றுப் பெட்டி போதாது. உஷ்ணம் சீராக நிற்கும் தண்ணீர்த் தொட்டியே உகந்தது.

பெட்டியின் உஷ்ணம் தவறினால் நேரும் நஷ்டம் பெட்டியோடு நிற்பதன்று. நல்ல விதை முளையாத விதையென்று தள்ளப்படலாம். உயிரற்றுப்போன உயிர் உரம் உயிருள்ளதென்று பொட்டலம் கட்டப்பட்டு வயலுக்குப் போய்ச் சேரலாம். கெட்ட கிணற்று நீர் நல்ல நீரென்று சீட்டுப் பெறலாம்.

"அறை உஷ்ணத்திற்கு மேல் 5 டிகிரி"

விலைப்பட்டியலைப் பார்ப்பவர்கள் இப்பெட்டி எவ்வளவு தூரம் சூடேறும் என்பதையே முதலில் நோக்குகின்றனர். 60 அல்லது 70 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு திருப்தியடைகின்றனர். ஆனால் அதே வரியின் தொடக்கத்தில், "அறை உஷ்ணத்திற்கு மேல் 5 டிகிரி முதல்" என்ற சொற்கள் இருக்கும். தென்சென்னைப் பக்கத்து மக்கள் கவனிக்க வேண்டியது இச்சொற்களையே.

சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத் தெரியுமே யன்றிக் குளிர்விக்கத் தெரியாது. வெளியேயுள்ள காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருந்தால்தான், ஏறிய சூடு சுவர் வழியே வெளியேறி அளவு நிலைபெறும். குளிர் தேசத்தில் அறை 20 டிகிரியில் இருக்கையில் இது குறையாகத் தோன்றாது. தாம்பரத்திலோ சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரையின் கீழுள்ள அறை 36 டிகிரியை எளிதில் எட்டும். அப்போது அப்பெட்டி காக்கக்கூடிய மிகக் குறைந்த உஷ்ணம் 41 டிகிரி. 28 டிகிரி வேலை மட்டுமன்று, 37 டிகிரி வேலையும் அதில் நடவாது. 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி, அக்கினி நட்சத்திரம் கழிந்த பின்னும், சென்னையில் 45 டிகிரி உஷ்ணம் பதிவாயிற்று என்பதை நினைவிற் கொள்க.

மார்கழி மாதத்தில் வாங்கி 37 டிகிரியில் சோதித்துப் பார்த்தவருக்குக் குறை யாதொன்றும் தென்படாது. சித்திரையிலேதான் அது வெளிப்படும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "அறை 40 டிகிரியில் இருக்கும்பொழுது இப்பெட்டி 25 டிகிரியைக் காக்குமா?" என்பதேயாகும். விடையை எழுத்து மூலமாகப் பெறுதல் நலம்.

பெட்டியின் வகைகள்

1. விசிறியில்லாத பெட்டி. சூடான காற்று தானே மேலெழும்பிச் சுழலும். விலை குறைவு, வைத்த பொருள் சீக்கிரம் உலராது. ஆனால் மேல் தட்டு கீழ்த் தட்டைவிடச் சூடாயிருக்கும்.

2. விசிறியுள்ள பெட்டி. எல்லாத் தட்டுகளிலும் உஷ்ணம் ஏறக்குறைய சமமாயிருக்கும். கதவைத் திறந்து மூடிய பின் விரைவில் பழைய நிலையை அடையும். வளர்ப்புத் தட்டுகள் உலர்ந்து போகாதபடி, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு தட்டில் உள்ளே வைத்தல் வேண்டும்.

3. நீருறைப் பெட்டி. சுவர்களுக்கிடையே தண்ணீர் நிரப்பப்பட்டிருக்கும். சூடேற நேரமாகும், மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் சூட்டைக் காக்கும். ஆயினும் இதுவும் குளிர்விக்க வல்லதன்று.

4. குளிர்விக்கும் பெட்டி. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளது போன்ற கம்ப்ரசரும் சூடேற்றும் கம்பியும் இரண்டும் இதில் உண்டு. கழிவுநீர்ச் சோதனைக்காக ஏற்பட்டமையால் பி.ஓ.டி. இன்குபேட்டர் என்று கடைகளில் வழங்கும். விலையும் மின்சாரச் செலவும் அதிகம்; எனினும் விதைக்கும் உயிர் உரத்திற்கும் இப்பக்கத்தில் ஏற்றது இதுவே.

இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும் அறை ஏற்கெனவே இருக்குமாயின், இரண்டாவது வகைப் பெட்டியைக் கொண்டு 37 டிகிரி வேலையைத் தடையின்றி நடத்தலாம். மாலையில் அறையைப் பூட்டும்போது குளிர்சாதனத்தையும் நிறுத்திவிடும் வழக்கமுள்ள இடத்தில் இது பயன்படாது. குஞ்சு பொரிக்கும் யந்திரத்தைப் பரிசோதனைச் சாலைக்குக் கொள்ளலாம் என்று எண்ணுவதும் தவறு. அது முட்டைக்கு வேண்டிய ஒரே உஷ்ணத்திற்கும், ஈரத்திற்கும், முட்டையைத் திருப்பி வைப்பதற்குமே அமைந்தது.

இருவகைச் சமநிலை

ஏரியில் நீர்மட்டம் குறையாமல் நிற்பது ஒன்று. மடையிலிருந்து கடைமடை வரையில் எல்லா வயலுக்கும் நீர் சமமாய்ப் பாய்வது வேறொன்று. பெட்டியின் உஷ்ணமும் அவ்வாறே. ஓரிடத்தில் மணிக்கு மணி மாறாதிருப்பது ஒரு குணம். ஒரே வேளையில் மேல், கீழ், மூலை, நடு எல்லாம் ஒத்திருப்பது மற்றொரு குணம். விலைப்பட்டியலில் ஒன்றை மட்டும் காட்டி மற்றதை விட்டுவிடுதல் உண்டு. இரண்டையும் கேட்டறிதல் வேண்டும்.

பெட்டியின் முகப்பில் தோன்றும் எண், உணர்கருவி பொருத்தப்பட்ட ஓரிடத்து உஷ்ணமேயாகும். பெட்டி வந்து சேர்ந்ததும் நான்கு மேல் மூலைகளிலும், நான்கு கீழ் மூலைகளிலும், நடுவிலும் ஆக ஒன்பது வெப்பமானிகளை வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் குமிழும் சிறிய தண்ணீர்ப் புட்டியில் அமிழ்ந்திருத்தல் நலம். அப்போது கதவைத் திறந்தவுடன் அளவு தாவாது. ஒரு நாள் முழுதும் ஓடவிட்ட பின்னரே அளவுகளைக் குறித்து, மொத்தத் தொகையைச் செலுத்தலாம். இச்சோதனையைக் கோடையில் பிற்பகல் வேளையில் நடத்துதல் உத்தமம்.

அளவும் அமைப்பும்

ஒரு விதை மாதிரிக்கு 400 விதைகள், நூறு நூறாக நான்கு காகிதச் சுருள்களில் வைக்கப்படுகின்றன. பத்து மாதிரிகளுக்கு நாற்பது சுருள்கள். சுருள்கள் நிமிர்ந்து நிற்க வேண்டுமாதலால், லிட்டர்க் கணக்கை மட்டும் பாராமல் தட்டுகளுக்கிடையேயுள்ள உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். காற்றுச் சுழல மூன்றிலொரு பங்கு இடம் காலியாக இருத்தல் அவசியம். இடம் போதாதென்று நெருக்கி அடைப்பதால் நல்ல பெட்டியும் கெட்ட பெட்டியாகும்.

உட்சுவர் துருப்பிடிக்காத எஃகாயிருக்க வேண்டும். கடற்காற்று வீசும் இப்பிரதேசத்தில் இது முக்கியம். உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு இருந்தால் உஷ்ணத்தை இழக்காமல் பார்வையிடலாம். உஷ்ணம் வரம்பு மீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் இரண்டாவது காப்புக் கருவி இல்லாத பெட்டியை வாங்கலாகாது. முதற்கருவி ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் ஓர் இரவிலேயே உள்ளிருப்பவை யாவும் வெந்துபோகும்.

வைக்கும் இடமும் மின்சாரமும்

மேற்கு வெயில் படும் சுவரோரம் ஆகாது. எப்பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சமதளமான மேடைமேல் வைக்க வேண்டும். 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததும், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததும் பலருக்கும் நினைவிருக்கும். மேடையின் உயரத்தை அவ்வெள்ளத்தின் அடையாளத்தைக் கண்டு நிர்ணயிப்பது விவேகம்.

மின்சாரம் நின்றபோது கதவைத் திறவாதிருப்பதே முதல் உதவி. காலி இடத்தில் தண்ணீர் நிரப்பிய புட்டிகளை வைத்திருந்தால் உஷ்ணம் மெதுவாகவே மாறும். மின்சாரம் திரும்பியவுடன் கம்ப்ரசர் உடனே ஓடினால் பழுதுபடும். சில நிமிஷம் தாமதித்து இயக்கும் ஸ்டெபிலைசர் அவசியம்.

கடைசியாக, காலை ஒரு முறையும் மாலை ஒரு முறையும் உஷ்ணத்தைப் புத்தகத்தில் குறித்தல் வேண்டும். பயிர்க் கணக்கு அடங்கலில் ஏறாத வயலுக்கு அத்தாட்சி இல்லாதது போல, உஷ்ணக் கணக்கு எழுதாத பெட்டியில் கண்ட முடிவுக்கும் அத்தாட்சி இல்லை. பணம் போதாதவிடத்து, குறைந்த விலைப் பெட்டியை வாங்கிக் கோடையில் ஏமாறுவதைவிட, விதை மாதிரிகளை அரசாங்க விதைப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பிவிட்டு, கட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரின் யோசனையையும் கேட்டு, ஒரு வருஷம் பொறுத்துச் சரியான பெட்டியை வாங்குவதே லாபமாகும்.