கண் திறந்திருக்கும், மூளை தூங்கியிருக்கும்

சம்பா அறுவடை முடிந்தால் நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்கு நெல் லாரிகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். கொள்முதல் நிலையங்களில் பிடித்த நெல், அரவைக்காக இங்கிருந்து சரக்கு ரயிலில் வெளிமாவட்டங்களுக்குப் போகிறது. மூட்டை 40 கிலோ. இருவர் தூக்கிவிட, ஒருவர் தலையில் வாங்குகிறார். அவர்கள் கை விடுவதும் இவர் கழுத்து தாங்குவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். இரவெல்லாம் கண்விழித்தவருக்கு முதலில் பிசகுவது இந்தக் கணம்தான். உடல்வலு அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூங்கினால்தான் அது குறையும். டீயிலுள்ள காஃபின் அதைக் குறைப்பதில்லை, சற்று நேரம் அதன் வேலையைத் தடுக்கிறது.

2011-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, தூக்கம் கெட்ட மூளையை நெருங்கிப் பார்த்தது. தூங்கவிடாமல் வைத்திருந்த எலிகள் விழித்து நடமாடும்போதே, மூளைப் புறணியில் ஆங்காங்கே நரம்பணுக்கள் கணநேரம் அணைந்து மீண்டன. அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் அப்படி அணைந்த சமயம் பார்த்து, சர்க்கரை உருண்டைக்கு முன்னங்காலை நீட்டிய எலிக்குப் பிடி தவறியது. 2017-ல் வலிப்பு நோயாளிகளின் மூளையில் வைத்த மின்முனைகள், தூக்கம் கெட்ட மனிதரிடமும் நரம்பணுக்கள் தாமதமாகத் துடிப்பதைக் காட்டின.

அதனால் தூக்கம் கெட்டவர் எப்போதும் மெதுவாக இயங்குவார் என்றில்லை. பல முறை சரியாகச் செய்துவிட்டு, ஒரு முறை தவறுவார். எந்த முறை என்று அவருக்கும் தெரியாது. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி, ஓட்டுநர் 3 விநாடி கண் அயர்ந்தால் 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடைய அளவுக்குக் குறைவதாக 1997-லேயே கண்டார்கள். நம் நாட்டில் ஓட்டுநருக்கான வரம்பே 0.03தான். காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணியிலேயே இந்த நிலை. போலீஸின் ஊதும் கருவியில் இது தெரியாது.

‘எனக்குப் பழகிப்போச்சு’ என்ற பேச்சுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமே தூங்கியவர்கள், ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குத் தடுமாறினார்கள். ஆனால், தாங்கள் ஓரளவு நன்றாகவே இருப்பதாக நினைத்தார்கள்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. ஆனால் கூலி மூட்டைக் கணக்கில், வேகனுக்கோ நேரக் கெடு. தாமதித்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். லாரிகள் காத்து நிற்கும் இடத்தில் நிழலும் படுக்க இடமும் அமைத்துத் தர பெரிய செலவில்லை. 20 நிமிடத் தூக்கமே கணிசமாகத் தெளிவு தரும். எழுந்ததும் கொஞ்ச நேரம் மந்தம் இருக்கும். அது தீர்ந்த பிறகே ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.