வாய்மொழித் தேர்வுக்குப் பின்: ஆய்வேட்டைத் திருத்தும் கலை

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு, அதாவது ‘வைவா’, நல்லபடியாக முடிந்துவிட்டால் ஆய்வாளரின் பணியும் முடிந்துவிட்டது என்று வெளியில் உள்ளோர் கருதுவதுண்டு. ஆனால் அங்கே பெரும்பாலோருக்குக் கிடைக்கும் முடிவு, ‘திருத்தங்களுக்கு உட்பட்டுத் தேர்ச்சி’ என்பதாகும். ஆய்வு ஏற்கப்பட்டது, ஆனால் சுட்டிக்காட்டப்பட்ட குறைகள் நீங்கிய பின்னரே பட்டம் உறுதியாகும் என்பது இதன் பொருள். இதைத் தோல்வியின் சாயலாகக் கண்டு சோர்ந்துபோவோர் பலர் இருப்பதால், இக்கட்டத்தின் தன்மையைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

தேர்வை நடத்துவோர் வழக்கமாக இருவர்: ஒருவர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகத்தேர்வாளர், மற்றவர் வேறு நிறுவனத்திலிருந்து வரும் புறத்தேர்வாளர். பல ஆண்டுகள் ஆய்வை வழிநடத்திய நெறியாளருக்குத் தீர்ப்பில் பங்கில்லை. விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறினாலும் திருத்தம் கோரும் முடிவுகளைப் பொதுவாக மூன்று படிகளில் அடக்கலாம். எழுத்துப் பிழை, விடுபட்ட மேற்கோள் விவரம், தெளிவற்ற வாக்கியம் போன்றவை சிறு திருத்தங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று மாதம் வரை அவகாசம் தரப்படுகிறது. தரவுகளை மீண்டும் பகுத்தாய்வதும் ஓர் இயலை மாற்றி எழுதுவதும் பெருந்திருத்தங்கள். இவற்றுக்கு ஆறு மாதம் வரை கிடைக்கும். ஆய்வேட்டை ஏறக்குறைய மறுபடியும் உருவாக்கவேண்டிய நிலை ஏற்பட்டால், ஓராண்டோ அதற்கு மேலோ அவகாசம் அளித்து மறு சமர்ப்பிப்பு கோரப்படும். சில வேளைகளில் இரண்டாவது வாய்மொழித் தேர்வும் நடக்கும்.

திருத்தப் பணிக்கு அடிப்படையாக அமைவது, தேர்வாளர்கள் எழுத்து வடிவில் தரும் திருத்தப் பட்டியலே. தேர்வறையில் பேசப்பட்டவை அனைத்தும் திருத்தங்கள் ஆகிவிடுவதில்லை. ஆர்வத்தால் கேட்ட கேள்வியும், எதிர்கால ஆய்வுக்குச் சொன்ன யோசனையும், கட்டாயமாகச் செய்யவேண்டிய மாற்றமும் ஒன்றோடொன்று கலந்தே அங்கு ஒலிக்கின்றன. பட்டியல் வந்ததும் அதை நெறியாளருடன் அமர்ந்து படித்து, பொருள் விளங்காத குறிப்புகளுக்குப் பல்கலைக்கழகம் வகுத்த வழியில் விளக்கம் பெற்ற பின்னர் எழுதத் தொடங்குவதே முறை. ‘விவாதத்தை வலுப்படுத்துக’ என்ற ஒற்றை வரியை ஊகத்தால் பொருள்கொண்டு முப்பது பக்கம் எழுதியவர், தேர்வாளர் எதிர்பார்த்தது இரண்டு பத்திகளே என்று பின்னர் அறிய நேரலாம்.

வேலையை வரிசைப்படுத்துவதிலும் நுட்பம் இருக்கிறது. எழுத்துப் பிழைகளைக் களைவது எளிது என்பதால் அதிலிருந்து தொடங்கத் தோன்றும். ஆயினும் கடினமான திருத்தங்களை முதலில் முடிப்பதே பயன் தரும். ஓர் அட்டவணையில் கணக்கீடு மாறினால் அதை விளக்கும் பத்தியும், அதன்மேல் எழுந்த முடிவுரையும், தொடக்கத்தில் உள்ள ஆய்வுச் சுருக்கமும் சேர்ந்தே மாறவேண்டியிருக்கும். பொருளடக்கம், பக்க எண்கள், படங்களின் வரிசை எண்கள் ஆகியவற்றைச் சரிபார்ப்பது எல்லாவற்றுக்கும் இறுதியில் வருவது. தேர்வாளர்கள் படித்த மூலப் பிரதியை மாற்றாமல் தனியே பாதுகாத்து, திருத்தங்களை வேறொரு பிரதியில் செய்வது பின்னர் வரும் குழப்பங்களைத் தவிர்க்கும்.

திருத்திய ஆய்வேட்டோடு விளக்க அட்டவணை ஒன்றையும் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் அதை இணைப்பது நல்லது. தேர்வாளர் கூறியது, ஆய்வாளர் செய்தது, மாற்றம் உள்ள பக்கம் என மூன்று நெடுவரிசைகளில் அது அமைந்தால், சரிபார்ப்பவர் முந்நூறு பக்கங்களைப் புரட்டவேண்டியதில்லை. சிறு திருத்தங்களைப் பெரும்பாலும் அகத்தேர்வாளர் மட்டுமே பார்த்து ஒப்புதல் தருகிறார். ஒரு கருத்தை ஆய்வாளர் ஏற்கவில்லையெனில், அதைச் சொல்லாமல் விட்டுவிடுவது தவறு. மாறுபடும் காரணத்தைச் சான்றுடன் பணிவாக அட்டவணையில் எழுதலாம், அல்லது தேர்வாளர் சுட்டிய குறையை ஆய்வின் வரம்பாக ஆய்வேட்டிலேயே வெளிப்படையாகக் குறிப்பிடலாம்.

இந்த ஏற்பாடு எல்லா நாட்டுக்கும் பொதுவானதன்று. நெதர்லாந்தில் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வேடு நூலாக அச்சான பிறகே பொது அரங்கில் வாதம் நடைபெறுகிறது என்பதால், திருத்தங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. பிரான்சில் 2016ஆம் ஆண்டின் அரசாணைப்படி, தேர்வுக் குழு திருத்தம் கோரினால் புதிய முனைவர் மூன்று மாதத்துக்குள் திருத்திய மின்பிரதியை ஒப்படைக்கவேண்டும். இந்தியாவில் புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து எழுதும் அறிக்கைகள் வாய்மொழித் தேர்வுக்கு முன்னரே வந்துவிடுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பட்டத்தை அறிவிக்கும் முன் ஆய்வேட்டின் மின்பிரதி இன்ஃப்ளிப்னெட் மையத்துக்கு அனுப்பப்படவேண்டும். அம்மையத்தின் ‘சோத்கங்கா’ தொகுப்பில் அதை எவரும் படிக்கலாம்.

திருத்தங்களுக்கு இத்தனை கவனம் தேவைப்படுவதன் காரணமும் இதுவே. தேர்வாளர்கள் இருவருக்கு மட்டுமே உரியதாக இருந்த எழுத்து, நூலகத்தில் சேர்ந்ததும் அடுத்து வரும் ஆய்வாளர்களுக்குச் சான்றாகிறது. பிழையான ஓர் எண்ணை அவர்கள் அப்படியே எடுத்தாண்டால் அது பல ஆய்வுகளுக்குள் நுழைந்துவிடும். ஆகவே தேர்வாளரின் பட்டியலை, ஆய்வேட்டை மிகுந்த அக்கறையுடன் வரிக்கு வரி படித்த முதல் வாசகர்களின் உதவியாக ஏற்பதே ஆய்வாளருக்கு அழகு; அந்த உதவியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவரின் ஆய்வேடு, பட்டத்துக்கான தகுதியோடு பிறர் நம்பி மேற்கோள் காட்டும் தகுதியையும் பெறுகிறது.