வீட்டு மீன்தொட்டியில் கெளிறு வளர்ப்போர் அறிய வேண்டியவை

மீசையுடைய கெளிற்று மீன்கள் தொட்டியின் அடியிலுள்ள கழிவை உண்டு நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் என எண்ணிப் பலர் அவற்றை வாங்குகின்றனர். இது தவறான எண்ணமாகும். ஏனைய மீன்களைப் போலவே கெளிறுகளுக்கும் தனி உணவும் போதிய இடமும் சீரான வெப்பமும் தேவை.

வாங்குமுன்

கடையில் விரல் நீளமே காணப்படும் பொதுவகைப் பிளெக்கோ, 30 சென்றிமீற்றருக்கு மேல் வளர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. சுறா போன்ற தோற்றமுடைய பங்காசியஸ் ஒரு மீற்றரையும் தாண்டும். இவை அடுக்குமாடி வீடுகளுக்குப் பொருந்தா. சுமார் 5 முதல் 7 சென்றிமீற்றர் வரை வளரும் கொறிடோராஸ் பொருத்தமானது. அது கூட்டமாக வாழ்வதால், குறைந்தது ஆறு மீன்களை ஒன்றாக வளர்த்தல் வேண்டும்.

200 லீற்றர் நீரின் எடை மட்டுமே 200 கிலோகிராம் ஆகும். ஆகவே பெரிய தொட்டி வைக்குமுன் வாடகை ஒப்பந்தத்தை வாசித்து, வீட்டு உரிமையாளரிடம் கேட்டறிக. வாடகை வீட்டிற்கு நேரும் சேதம் தமது தவறாலோ, தாம் உள்ளே அனுமதித்தவரின் தவறாலோ நேரவில்லை என நிறுவினாலன்றி, வாடகைக்கு இருப்பவரே அதற்குப் பொறுப்பாவார் எனக் கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1862ஆம் பிரிவு கூறுகின்றது. நீர்க்கசிவால் வரும் சேதத்தை உங்கள் காப்புறுதி உள்ளடக்குகின்றதா எனவும் பார்த்துக்கொள்க.

நீரும் உணவும்

மொன்றியலின் குழாய்நீர் சென் லோறன்ஸ் நதியிலிருந்து பெறப்பட்டு, குளோரின் இட்டுச் சுத்திகரிக்கப்படுகின்றது. குளோரின் மீனின் செவுள்களைத் தாக்கும். வடிகட்டியில் வாழும் பயன்தரு நுண்ணுயிர்களையும் அழிக்கும். ஆதலால் நீர் மாற்றும்போது குளோரின் நீக்கியைப் பயன்படுத்துக. வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. குளிர்காலத்தில் குழாய்நீர் மிகக் குளிர்ந்திருக்கும். தொட்டி நீரின் வெப்பத்திற்கு இணையாக்கிய பின்னரே ஊற்றுக. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுதல் போதுமானது.

பெரும்பாலான கெளிறுகள் இரவில் உண்பவை. அடியில் தங்கும் உணவை விளக்கணைத்த பின் இடுக. கூரிய கற்கள் மீசையைக் காயப்படுத்தும், நுண்மணலே சிறந்தது. செதில் இல்லாத கெளிறுகளுக்கு மருந்தும் உப்பும் எளிதில் தீங்கு செய்யும். முட்கள் வலையில் சிக்குமாதலால், மீனைப் பாத்திரத்தால் எடுத்து மாற்றுக.

குளிர்காலத்தில் மின்தடை ஏற்பட்டால்

1998 ஜனவரியிலும் 2023 ஏப்ரலிலும் உறைமழையால் மொன்றியலில் பெருமளவில் மின்சாரம் தடைப்பட்டது. வெப்பமண்டலக் கெளிறுகளுக்கு 24 முதல் 26 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. மின்தடையின்போது தொட்டியைப் போர்வைகளால் சுற்றுக, உணவை நிறுத்துக, மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பியைப் பயன்படுத்துக. வெந்நீர் நிரப்பி மூடிய போத்தல்களைத் தொட்டியில் மிதக்கவிடலாம்.

மீனைக் காக்கும் பொருட்டு வீட்டினுள் கரி அடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ ஒருபோதும் இயக்காதீர்கள். அவற்றிலிருந்து வெளியேறும் காபன் மொனொக்சைட்டிற்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோரை அது எச்சரிக்கையின்றிக் கொல்லும். தலைவலி, மயக்கம் தோன்றினால் உடனே வெளியேறி 911ஐ அழையுங்கள்.

இனி வளர்க்க இயலாதபோது

ஜூலை 1 வீடு மாறும் நாளை ஒட்டி, மீனை என்ன செய்வது என்ற கேள்வி எழுகின்றது. நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகக் கிணற்றில் மீன் விடுவது நம் ஊர்களில் நல்ல செயலாகக் கருதப்பட்டது. இங்கே அவ்வாறு செய்தல் ஆகாது. அயல் நீர்வாழ் உயிரினத்தை அனுமதியின்றி இயற்கை நீர்நிலையில் விடுவதைக் கனடாவின் 2015ஆம் ஆண்டு நீர்வாழ் ஆக்கிரமிப்பு இனங்கள் ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. வெப்பமண்டலக் கெளிறு குளிரில் இறந்துவிடும். ஆனால் அதனுடன் செல்லும் நோயும் நத்தையும் நீர்த்தாவரமும் எஞ்சக்கூடும். 1980களில் சட்டவிரோதமாகக் கியூபெக்கிற்குக் கொண்டுவரப்பட்ட டென்ச் மீன், பண்ணையிலிருந்து தப்பி ரிஷலியூ நதி வழியாக இன்று சென் லோறன்ஸ் வரை பரவியுள்ளது.

ஆகவே மீனை வாங்கிய கடையிடமோ, மீன் வளர்க்கும் வேறொருவரிடமோ ஒப்படையுங்கள். ஏற்பவரைக் கண்டறியச் சில வாரங்கள் ஆகலாம். வீடு மாறும் நாள் வரை காத்திராமல் முன்னதாகவே தேடத் தொடங்குங்கள். மாநகர சேவைகள் பற்றிய வினாக்களுக்கு 311ஐ அழைக்கலாம்.