எலி சூடாக இருக்கட்டும்

பிரிக்பீல்ட்சிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். கிள்ளானில் வாங்கிய பால் பைத்தன் (ball python) பாம்புக் குட்டி மூன்று வாரமாக எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பாட்டி பால் வைக்கச் சொல்கிறாராம், வைக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். புற்றுக்குப் பால் வார்ப்பது நம் வழிபாடு. பாம்புக்குப் பால் செரிக்காது.

குட்டி அடம்பிடிப்பதாகவும் நினைக்க வேண்டாம். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருளும் இந்த மலைப்பாம்புக்குப் பூர்வீகம் கானா, டோகோ, பெனின் பக்கம். பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் அடைந்து கிடக்கும் இனம். புது இடம், புது வாடை, ஓயாமல் தூக்கும் கைகள் எல்லாம் சேர்ந்தால் பசி போய்விடும். கண் வெளிறி மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும்வரை பெரும்பாலும் சாப்பிடாது.

கோலாலம்பூர் வெக்கையில் பாம்புக்குக் குளிருமா? கொண்டோ அறையில் இரவு முழுக்க ஏர்கோன் ஓடினால் குளிரும். உடல் குளிர்ந்தால் செரிமானமும் படுத்துவிடும். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும்.

எனக்கு அலுக்காத அதிசயம் இந்தப் பாம்பின் உதடு. மேலுதட்டு ஓரமாக வரிசையாய்ச் சிறு குழிகள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தொடாமல் உள்ளங்கையை மேலே காட்டிப் பார்க்கிறோமே, அந்த வேலையைத்தான் இவை செய்கின்றன, பல மடங்கு நுட்பமாக. மிகச் சிறிய வெப்ப வேறுபாடு போதும். குழிகள் அனுப்பும் செய்தி மூளையில் கண் அனுப்பும் செய்தியோடு போய்ச் சேர்கிறது. ஆகவே கும்மிருட்டிலும் எலியின் உடற்சூடு அதற்குப் புலப்படும். அந்தச் சூட்டை உணரும் புரதத்தை 2010இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதே புரதம் நம் உடலிலும் உண்டு. நமக்குக் கடுகு, வசாபியின் நெடியை உறைக்க வைப்பது அதுதான். சூட்டையும் வலியையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021 மருத்துவ நோபல் பரிசில் ஜூலியஸுக்குப் பங்கு கிடைத்தது.

இப்போது உங்கள் எலிக்கு வருவோம். உறைபெட்டியிலிருந்து எடுத்து உருகியதும் சில்லென்று நீட்டினால், குட்டிக்கு அது இரையாகவே தோன்றாமல் போகலாம். பையில் கட்டி வெந்நீரில் வையுங்கள். மேல்தோல் 38 டிகிரி அளவுக்குச் சூடேறட்டும். இரவில் விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். எடுக்காவிட்டால் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

உயிர் எலியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். வாயைப் பிளந்து திணிப்பது அதைவிடக் கொடுமை. படம் எடுக்கத் தோளில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு வாங்கி, அலுத்ததும் கால்வாயில் விடுபவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது. இந்தப் பாம்பை வளர்க்க 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். விற்றவர் அதைச் சொன்னாரா?

வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். குட்டிக்கு அவ்வளவு சேமிப்பு இல்லை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.