இருபது நிமிடத்தில் கொரியக் கொத்துக்கறி

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் டில்லித் தமிழ்க் குடும்பங்களில் மனஸ்தாபம் மூளும் நேரம் இரவு எட்டு மணி. பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறி வந்து சேர்பவர்களுக்கு, வெங்காயம் வதக்கி மசாலா அரைத்துக் கறி வேகும் வரை காத்திருக்கத் தெம்பு இருக்காது. ஹோட்டலிலிருந்து டப்பாக்கள் வந்து இறங்கும். அதைச் சாப்பிடுவதில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் வீட்டுப் பெரியவர்களும் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஆண்கள் அந்த வேளையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் நான் எடுத்துக்கொண்டேன். அதற்குக் கைகொடுத்தது கொரியப் பாணிக் கொத்துக்கறி.

கொரியாவில் 'புல்கோகி' என்று ஒரு பதார்த்தம் உண்டு. 'புல்' என்றால் நெருப்பு, 'கோகி' என்றால் இறைச்சி. மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளைச் சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய், அரைத்த பேரிக்காய் ஆகியவற்றில் ஊறவைத்துச் சுடுவார்கள். ஊறவைக்க நேரமில்லாதவர்கள் அதே சுவையைக் கொத்துக்கறியில் ஏற்றி, சோற்றின் மேல் போட்டுச் சாப்பிடும் வழக்கம் அமெரிக்க வீடுகளில் பரவியது. கொரியர்கள் இதைப் புல்கோகி என்று ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகமே. ஆனாலும் கொத்திய விலாக்கறியில் இதே பக்குவத்தில் செய்யும் 'தொக்கல்பி' அவர்களிடமே உண்டு. ஆகவே ஒரேயடியாக அந்நியம் என்றும் சொல்ல முடியாது.

நால்வருக்கு அரை கிலோ கோழிக் கீமா போதும். கடைக்காரரிடம் கண்ணெதிரே அரைக்கச் சொல்லி, அன்றே சமைத்துவிட வேண்டும். அரைக்கும்போது மேற்பரப்புக் கிருமிகள் உள்ளே கலந்துவிடுவதால், சிவப்பு துளியும் மிஞ்சாமல் வேக வேண்டும்.

முதலில் குக்கரில் சோறு வைத்துவிடுங்கள். கொரியர்கள் உண்பது ஒட்டும் குட்டை அரிசி. உதிர் உதிராக நிற்கும் பாஸ்மதியைவிட, சற்றுக் குழைந்த பொன்னி இதற்குப் பொருத்தம்.

இனி முக்கியமான விஷயம். நம் சமையலில் மசாலாவை முதலில் வதக்குவோம். கறி தன் நீரிலேயே வேகும். இங்கே வரிசை தலைகீழ். வாயகன்ற, அடி தட்டையான கனத்த இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டுக் கீமாவைப் பரப்புங்கள். மூன்று நிமிடம் கிளறக் கூடாது. சட்டி சிறியதென்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். கறியில் நீர் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கோ 140 டிகிரியாவது வேண்டும். நீராவி எஞ்சின் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை! கொதிக்கும் ஓசை அடங்கிச் சடசடவென்று பொரியும் ஓசை எழுந்தால், நீர் வற்றிவிட்டது என்று பொருள். அப்போது உதிர்த்துக் கிளறுங்கள்.

பிறகு பொடியாக நறுக்கிய ஆறு பல் பூண்டும் ஓர் அங்குல இஞ்சியும் ஒரு நிமிடம் வதங்கட்டும். சோயா சாஸ், ஒன்றரை மேஜைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு மேஜைக்கரண்டி 'கொச்சுஜாங்' மூன்றையும் கலந்து ஊற்றி, இரண்டே நிமிடம் புரட்டுங்கள். முன்பே ஊற்றினால் சர்க்கரை கருகிக் கசக்கும். கொச்சுஜாங் என்பது மிளகாய்ப் பொடி, ஒட்டும் அரிசி, புளித்த சோயா மாவு, உப்பு சேர்த்துப் பல மாதம் பதப்படுத்திய விழுது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் ஹுமாயூன்பூர் கடைகளிலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூளும் சிறிது வெல்லமும் சேர்க்கலாம். அந்தப் புளிப்பு மணம் மட்டும் வராது.

கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டுவது. எனவே ஒரு கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்து, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயோடு, அடுப்பை அணைத்த பின் சேர்த்தால் ஏறக்குறைய அந்த வாசனை வந்துவிடும். மேலே வெங்காயத்தாள்.

சோயா சாஸ் அளவை வேண்டுமென்றேதான் மேலே சொல்லவில்லை. சமையல் குறிப்புகளில் மூன்று மேஜைக்கரண்டி என்றிருக்கும். ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 675. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 2,000-க்குள். ஒரு வேளைக் கறியிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. விழுதின் உப்பு வேறு. ஆகவே நான் இரண்டு மேஜைக்கரண்டியோடு நிறுத்திவிடுகிறேன். தனியாக உப்பு கிடையாது. அன்று அப்பளம், ஊறுகாய் மேஜைக்கு வராது. குறைந்த சுவைக்கு ஈடாகச் சில சொட்டு எலுமிச்சை. என் பேத்தி இதுவரை வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

சைவ அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சோயாக் குருணையை வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, இதே வரிசையில் செய்யலாம். பிழிவதில் மட்டும் கருமித்தனம் கூடாது. ஈரம் நின்றால் பொரியாமல் களியாகிவிடும். மீந்ததை இரவே ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் நன்றாகச் சூடாக்கிச் சப்பாத்தியில் சுருட்டி டிபன் பாக்ஸுக்கு அனுப்பலாம்.