வேகப் பந்தும் பிந்தி வரும் மட்டையும்



நல்லதண்ணி என்றதும் பாவா ஆதம் மலைக்கு ஏறும் பாதைதான் உங்கள் நினைவுக்கு வரும். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை அங்கே கால் வைக்க இடமிருக்காது. பருவம் முடிந்தபின், மழை விட்ட மாலைகளில், வாகனங்கள் நின்ற இடமெல்லாம் பிள்ளைகளின் கிரிக்கட் மைதானமாகிவிடும். டேப் சுற்றிய டெனிஸ் பந்துதான். என்னிடம் ஓத வரும் பிள்ளைகளும் அதில் உண்டு.

மௌலவிக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து விளையாடியபோது நபி (ஸல்) அவர்கள் உற்சாகமூட்டிய செய்தி புஹாரியில் இருக்கிறது. தொழுகையை மறக்கடிக்காத விளையாட்டைக் கண்டு முகம் சுளிக்க நான் யார்?

அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பதின்மூன்று வயது. வேகமாக வீசும் பெரிய பையன் வந்தால் இவன் மட்டை பிந்தியே வரும். ஒருநாள் பந்து விலாவில் பட்டது. "எனக்குக் கையில பலமில்ல மௌலவி" என்று விளையாட்டையே விட்டுவிட்டான். ஓதும்போதும் தலையைக் குனிந்தே இருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் நினைத்தது பிழை. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய ஏறக்குறைய அரை விநாடிதான் எடுக்கும். அமெரிக்கர்களின் பேஸ்போலில் இன்னும் குறைவு; 18.44 மீற்றர் தூரத்தில் நின்று எறிவதால் 150 கிலோமீற்றர் வேகப் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்துவிடும். கண் கண்டதற்குக் கை அசைய ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும். இது சர்வதேச வீரருக்கும் அப்படித்தான் என்று 1987இல் மெக்லியோட் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். அவரும் லேண்ட் என்பவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. தேர்ந்த வீரரின் கண் பந்தைத் துரத்திக்கொண்டே இருப்பதில்லை. பந்து எங்கே குத்தும் என்று கணித்து, அந்த இடத்துக்கு முந்திப் போய்க் காத்திருக்கிறது.

ஆகவே பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: வீசுபவர் கை மேலே வரும்போதே மட்டை பின்னால் உயர்ந்து தயாராக இருக்கட்டும். பந்து புறப்பட்டபின் தூக்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். பிடியைச் சற்றுக் கீழே பிடி. மட்டை இலேசாகச் சுழலும். முழங்கை உடம்பை விட்டு அகல வேண்டாம். இடுப்பு முதலில் திரும்பட்டும், கை பின்னால் வரும். பற்களைக் கடித்துக்கொண்டு மட்டையை நெரிக்காதே. இறுகிய தசை மெதுவாகத்தான் அசையும்.

சனத் ஜயசூரியவை நினைத்துப் பாருங்கள். 1996 ஏப்ரலில் சிங்கப்பூரில் பாக்கிஸ்தானுக்கு எதிராக 48 பந்துகளில் சதம். சில நாட்களில் அதே அணிக்கு எதிராக 17 பந்துகளில் அரைச்சதம். ஆள் உயரமில்லை. முன்கையாலும் மணிக்கட்டாலும் சுண்டி அடித்த அடிகள் அவை.

பெரிய பையன்கள் மட்டையில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பழகுகிறார்கள். கழற்றியதும் மட்டை பஞ்சாகத் தோன்றும், உண்மைதான். பேஸ்போல்காரர்களும் மட்டையில் பார வளையம் மாட்டிச் சுழற்றுவார்கள். அளந்து பார்த்தபோது அடுத்த வீச்சு வேகமாகவில்லை, சற்று மந்தமானது என்றே கண்டார்கள். அதைவிடப் பாதித் தூரத்தில் நின்று மென்மையான பந்தை எறிந்து கொடுப்பது நல்லது. சாதாரண வேகமே அங்கே கடும் வேகமாகிவிடும். நானே ஜுப்பாக் கையை மடித்துவிட்டு இரண்டு வாரம் எறிந்தேன். தோள் வலித்தது, வீட்டில் சிரித்தார்கள். அது வேறு கதை. தோற்பந்தானால் தலைக்கவசமில்லாமல் இதைச் செய்யக் கூடாது.

முதல் வாரம் பாதிக்கு மேல் தவறவிட்டான். பிறகு மட்டையின் நடுவில் படும் சத்தம் கேட்கத் தொடங்கியது. போன வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய பையனின் பந்தை அவன் அடித்த அடியில் அது தேயிலைக்குள் போய் விழுந்தது. எல்லாரும் குனிந்து தேடினோம். கிடைப்பதற்குள் மஃரிபுக்கு நேரமாகிவிட்டது.